மணி அடித்தது, யாரும் எழவில்லை

அலுவலகத்திலோ கூட்டத்திலோ ஆபத்து வந்தபோது உங்களுக்குத் தகவல் எப்படி வந்து சேர்ந்தது? முதலில் என்னுடையதைச் சொல்கிறேன், உங்களுடையதைக் கீழே எழுதுங்கள். மூன்றாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தோம், அபாய மணி அடித்தது. போன வாரமும் சும்மா அடித்த மணிதானே என்று ஒருவரும் அசையவில்லை. நான் பாதியில் இருந்த மின்னஞ்சலை முடித்து அனுப்பினேன், இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. துப்புரவு வேலை செய்யும் அக்கா மூச்சிரைக்க ஏறி வந்து, "கீழே கரண்ட் ரூம்ல புகை. முன்பக்கம் போகாதீங்க, பின் படிக்கட்டுல இறங்குங்க" என்றார். உடனே எல்லோரும் எழுந்துவிட்டோம். என்ன ஆபத்து, எங்கே, எந்த வழி, மூன்றையும் அவர் சொல்லிவிட்டார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் இதைச் சோதித்தே பார்த்து 1991-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மணி மட்டும் அடித்தபோது மக்கள் கிளம்பவே பல நிமிடங்கள் ஆயின, விவரம் சொல்லி அறிவித்தபோது சீக்கிரம் நகர்ந்தார்கள்.

---

எங்கள் அலுவலகத்தில் ஆபத்து வந்தபோது வெளியேறியதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம்தான் குழப்பம். யார் யார் உள்ளே இருந்தார்கள் என்ற பட்டியல் கட்டிடத்துக்குள் இருந்த கணினியில் இருக்கிறது! ஒருவரை மட்டும் காணோம். எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டதாலோ என்னவோ, அழைப்பு எதுவும் போகவில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் அவரைத் தேடி உள்ளே போகத் தயாராகிவிட்டார். கடைசியில் யாரோ அனுப்பிய எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தது, அவர் வேறு வாசல் வழியாக எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார். ஆளே இல்லாத இடத்துக்கு இன்னொரு உயிரை அனுப்பப் பார்த்தோமே என்ற வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது தினமும் வருகைப் பட்டியல் காகிதத்தில் காவலரிடம் இருக்கிறது, வெளியாட்கள் பெயரும் சேர்த்து.

---

ஒரு பெரிய இசை நிகழ்ச்சியில் தன்னார்வலராக நின்றேன். மேடைக்கு முன்னால் தடுப்போடு தடுப்பாக ஆட்கள் நசுங்குகிறார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது, முன்னால் இடம் இருக்கிறது என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். வாக்கி டாக்கியில் சொல்லலாம் என்றால் தண்ணீர் பாட்டில், வண்டி நிறுத்தம் என்று எல்லாம் ஒரே சேனலில் ஓடுகிறது, என் குரல் ஏறவில்லை. பக்கவாட்டில் ஓடி மேடையேறித் தொகுப்பாளரிடம் சொன்னேன். அவர் பாட்டை நிறுத்தி, விளக்கைப் போடச் சொல்லி, "கடைசி வரிசையில இருக்கிறவங்க முதல்ல பின்னாடி நகருங்க" என்றார். கடைசி வரிசை என்று அவர் சொன்னதுதான் காப்பாற்றியது, முன்னால் இருப்பவர்களைப் பின்னே போகச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை, நின்ற நிலையிலேயே மூச்சு விட நெஞ்சு விரிய முடியாமல் இறக்கிறார்கள். சியோலில் 2022 அக்டோபரில் 159 பேரை இழந்த நெரிசலுக்குச் சில மணி நேரம் முன்பே காவல்துறைக்கு எச்சரித்து அழைப்புகள் வந்திருந்தன. தகவல் வந்தும் கூட்டத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

---

மேலே எல்லோரும் மணி, மைக், வாக்கி டாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் காது கேட்காது. ஒருமுறை ஒத்திகையின்போது கழிவறையில் இருந்தேன், வெளியே வந்தால் மாடி முழுக்கக் காலி. ஒத்திகைதானே, பரவாயில்லை என்றார்கள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை, நிஜமாக நடந்திருந்தால்? எழுதிக் கொடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, கழிவறை உட்பட எல்லா இடத்திலும் மின்னி எரியும் விளக்கு வைக்க வைத்தேன். என்னைத் தேடி வர இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்திருக்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் காலையிலேயே என் மேசைக்கு வந்து, இன்று நான்தான் என்று கையைக் காட்டிவிட்டுப் போவார்.