நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் உங்களுக்கு என்ன நேர்ந்தது? (அனுபவங்கள் மட்டும்)

பச்சைமிளகாய்:

கீமோ திரையரங்கின் பின்மேடையில், அங்கே இறந்துபோன சிறுவன் பாபியின் ஆவிக்கென்று டோனட் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் கதை இங்கே யாருக்கும் புதிதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு வருடம் முன்பு ஒரு நடன நிகழ்ச்சி. என் வேலை பெட்டி தூக்குவது. விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு காகிதப் பையை நீட்டி, "முதல்முறை வருகிறாயா? அப்படியானால் நீயே பாபிக்கு மாட்டிவிடு" என்றார். நம் ஊரில் முனியப்பனுக்குச் சுருட்டு வைக்கச் சொல்வது போலத்தான், முகத்தில் சிரிப்பே இல்லை. பையில் சர்க்கரைப் பாகு பூசிய ஒரு டோனட். பார்க்க அசல் உளுந்து வடை. ஓட்டையில் நூலைக் கோத்து, ஸ்டூல் போட்டு ஏறி, மேலே ஓடும் குழாயில் கட்டினேன்.

சலங்கைப் பெட்டியை எடுக்க வேனுக்குப் போய்த் திரும்பப் பதினைந்து நிமிடம் ஆனது. வந்து பார்த்தால் டோனட்டில் ஒரு கடி. நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடியை மட்டும்தான். பிய்ந்ததல்ல, உடைந்ததல்ல. பாகின் மேல் சின்னச் சின்னப் பல் தடம் வரிசையாக இருந்தது, நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. முன்பல் விழுந்த பிள்ளை கடித்தால் அப்படித்தான் இருக்கும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் கடித்து வைத்த பிஸ்கட்டை அந்த வருடம் முழுக்கப் பார்த்தவன் நான். அன்று அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாள்.

கணக்குப்பிள்ளை:

எலி.

இன்னும் விரிவாக வேண்டுமென்றால்: 1951ல் அந்த அரங்கின் தின்பண்டக் கடைக்குப் பின்னால் இருந்த கொதிகலன் வெடித்ததும், ஆறு வயதுச் சிறுவன் பாபி இறந்ததும் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'டோனட்டை ஒருமுறை அகற்றினார்கள், உடனே நாடகம் நாசமானது, விளக்குகள் வெடித்தன, நடிகர்கள் வசனத்தை மறந்தார்கள்' என்று ஒரு பின்கதை சுற்றுகிறதே, அதைத் தேடிப் போன, பேய்க்கதைகளை ஆராயும் எழுத்தாளர் பென் ராட்ஃபோர்ட் ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரும் இதே மாநிலத்துக்காரர்தான். அப்படியிருந்தும் டோனட் தொங்குகிறது. தொங்கினால் எலி வரும்.

அந்தக் கட்டடத்தில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. 1927ல் ஓர் இத்தாலியக் குடும்பம் கட்டிய அரங்கு அது. பெயருக்குப் பரிசு அறிவித்தார்கள், இஸ்லெட்டா பழங்குடித் தலைவர் பாப்லோ அபெய்ட்டா சொன்ன பெயர் வென்றது. மலைச்சிங்கம் என்று பொருள் சொல்கிறார்கள். (கீமோ என்றதும் மருத்துவமனையை நினைக்கும் நம்மவர்களுக்காக இந்த விளக்கம்.) உள்ளே சுவரில் எருமை மண்டையோடு வடிவில் விளக்குகள். கண்குழிகளில் இருந்து செம்மஞ்சளாய் வெளிச்சம் வரும். படம் முடிந்து குடையை மறந்துவிட்டு ஒருநாள் தனியாகத் திரும்பிப் போனேன். கூட்டம் கலைந்த அரங்கில் அத்தனை கண்களும் எரிந்துகொண்டிருந்தன. குடை போனால் போகிறது என்று வந்துவிட்டேன். அதற்காகப் பேய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

வாய்க்கால்கரை:

கணக்குப்பிள்ளை அண்ணா, குடை என்ன ஆயிற்று?

என் கதை லா யோரோனா. நார்த் வேலியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கணவன் கைவிட்ட ஆத்திரத்தில் பிள்ளைகளை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றுவிட்டு, அதே பிள்ளைகளைத் தேடித் தண்ணீர் ஓரமாக அழுதுகொண்டே திரிகிறவள். ரியோ கிராண்டே ஆற்றில் இருந்து பிரியும் பாசன வாய்க்கால் ஒன்று என் வீட்டுக்குப் பின்புறமே ஓடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கரை மேல் நடப்பது என் வழக்கம்.

நவம்பர். தண்ணீரை நிறுத்தி மூன்று வாரம் இருக்கும். காட்டன்வுட் மரங்கள் இலையைக் கொட்டி முடித்திருந்தன, காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும்தான். அப்போது அழுகை கேட்டது. அவள் "ஆய், மிஸ் ஈஹோஸ்" என்று அழுவாள், 'ஐயோ, என் பிள்ளைகளே' என்று அர்த்தம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று என் காதில் சுத்தமாக "ஐயோ" என்று விழுந்தது. வெளிநாட்டில், இருட்டில், ஒரு பெண் ஐயோ என்றால் என்ன செய்வீர்கள்? நம் ஊர்ப் பெண் யாரோ விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "யாரம்மா அது? எங்கே இருக்கிறீர்கள்?" என்று தமிழிலேயே கூப்பிட்டேன்.

அழுகை பாதியில் நின்றது. ஓய்ந்து தேய்ந்து அடங்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவர் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது பேச்சு நிற்குமே, அப்படி நின்றது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் ஸ்பானியக் குடும்பம். அழுகை எப்படி இருந்தது, எந்தப் பக்கம் கேட்டது என்று எதையும் அவர் கேட்கவில்லை. "பதில் சொன்னாயா?" என்று ஒரே கேள்வி. சொன்னேன் என்றேன். அன்று இரவிலிருந்து என் வீட்டுப் பக்கம் இருக்கும் வாசல் விளக்கை அவர் அணைப்பதில்லை.

மழைமானி:

அனுபவம் என்னவோ சுவாரசியம்தான், ஆனால் தங்கை இரவில் வாய்க்கால் கரையில் நடப்பதைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லையே. நானும் ஒருமுறை அழுகை கேட்டிருக்கிறேன், அது பூனை. விஷயம் அதுவல்ல.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே பருவமழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. கிழக்கே சாண்டியா மலை 10,678 அடி. அதன் உச்சியில் மதியம் கொட்டிய மழை அத்தனையும் அரோயோ வழியாக ஊருக்குள் இறங்கி ஆற்றுக்குப் போகிறது. அரோயோ என்றால் நம் காட்டாறு மாதிரிதான், இங்கே ஊருக்குள் பலவற்றுக்குக் கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஸ்கேட்டிங் விளையாட வாகாக இருக்கும், பையன்கள் இறங்குவார்கள். தண்ணீர் சத்தம் கேட்ட பிறகு ஏற நேரம் இருக்காது. சரிவு வழுக்கும், பிடிக்க ஒரு செடி இருக்காது. கணுக்கால் அளவுதானே என்று காலை வைத்தவர்களையும் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்திலேயே 'வாய்க்கால் கொல்லும், விலகி நில்' என்று பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். யோரோனா கதையைப் பாட்டிமார் பிள்ளைகளிடம் சொன்னதற்கும் இதுதான் காரணம் என்பது என் கட்சி. பேய் என்றால் பிள்ளை கேட்கும், நீரோட்டத்தின் வேகம் என்றால் கேட்குமா?

பாசன வாய்க்கால் வேறு, அரோயோ வேறு. பாசன வாய்க்காலில் மார்ச் முதல் அக்டோபர் வரை தண்ணீர் இருக்கும். மேலே அமைதியாகத் தெரியும், மதகுக்குப் பக்கத்தில் இழுக்கும். கையில் டார்ச் வேண்டும். செல்பேசி வெளிச்சம் போதாது.

நாஞ்சில்நர்ஸ்:

பழைய சாண்டா ஃபே ரயில்வே மருத்துவமனை இப்போது ஹோட்டலாக இருக்கிறது இல்லையா, 1926ல் கட்டியது, நடுவில் மனநல மருத்துவமனையாகவும் இருந்தது. அங்கே ஓர் இரவு தங்கினேன். எனக்குக் கால் இறுகினால் தூக்கம் வராது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் முதல் வேலையாகப் போர்வையை மெத்தைக்கு அடியிலிருந்து முழுக்க உருவிவிடுவேன். அன்றும் உருவிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் பாதங்களை அசைக்க முடியவில்லை. போர்வை செருகப்பட்டிருந்தது. செருகலை விடுங்கள், மூலையைப் பார்த்தேன். நாற்பத்தைந்து டிகிரி மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. பயிற்சிக் காலத்தில் அந்த மடிப்பு வருவதற்காகப் பிரித்துப் பிரித்துப் போட வைத்தார்கள் என்னை. இன்றைக்கு என்னுடன் வேலை பார்க்கும் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவ்வளவு சுத்தமாக வராது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

பயமாக இல்லை என்றால் நம்புவீர்களா? இரவுப் பணியில் யாரோ கடமையைச் செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கணக்குப்பிள்ளை:

நர்ஸ் அம்மா, தூக்கத்தில் நடப்பவர்கள் பழகிய வேலையைச் செய்வார்கள்.

வாய்க்கால்கரை, அது கொயோட்டி. நரி இனம், ஆற்றோரக் காட்டில் நிறைய உண்டு. நவம்பரில் குட்டிகள் வளர்ந்து பிரியும் காலம், ஊளை பெண் அழுவது போலவே இருக்கும். மனிதக் குரல் கேட்டால் சட்டென்று நிறுத்தும். மேலும் வறண்ட வாய்க்காலில் யோரோனாவுக்கு என்ன வேலை? குடை அங்கேதான் இருக்கிறது.

வாய்க்கால்கரை:

கொயோட்டி என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா. ஆனால் பிள்ளைகளைத் தேடுகிறவள் தண்ணீர் வற்றிய பிறகு வாய்க்காலில் இறங்கிப் பார்க்கமாட்டாளா?

மழைமானி ஐயா, டார்ச் வாங்கிவிட்டேன்.

பச்சைமிளகாய்:

எலி என்கிற கட்சிக்கு: குழாயில் ஏற எலிக்கு ஸ்டூல் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலி கொறிக்கும், ஒரே வாயில் கடிக்காது. எலி கடித்த பிஸ்கட் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டும் பார்த்துவிட்டேன், மனைவி சிரிக்கிறாள். புகைப்படம் எடுத்தாயா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு டோனட் இருந்தால் கட்டிவிட்டுப் போகலாமே என்று பையைப் பார்த்தேன். பை காலி.

வாய்க்கால்கரை, அந்தப் பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?

வாய்க்கால்கரை:

இருக்கிறார். நேற்றுக்கூடத் தமாலே (சோளமாவில் செய்யும் பண்டம்) கொடுத்தனுப்பினார். மின்கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டார்.