எல்லைப்புற மருத்துவரின் சேணப்பையில் என்ன இருந்தது?

கேள்வி:
1800 முதல் 1830 வரை அமெரிக்காவின் கென்டக்கி, ஒஹையோ பகுதிகளில் குதிரையேறிச் சென்று சிகிச்சை அளித்த மருத்துவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். மயக்க மருந்தும் கிடையாது, கிருமிகளைப் பற்றிய அறிவும் கிடையாது என்னும்போது அவர்கள் எதை நம்பித் தொழில் நடத்தினார்கள்? முறையான படிப்பு ஏதும் இருந்ததா?

பதில் 1:
பெரும்பாலோர் கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். மூத்த மருத்துவர் ஒருவரின் வீட்டில் தங்கி, மருந்து அரைத்துக் கொடுத்து, அவருடனேயே சுற்றிக் கற்றுக்கொண்டதுதான் படிப்பு. டேனியல் டிரேக் 1800இல், தம் 15ஆம் வயதில், சின்சினாட்டியில் வில்லியம் கோஃபோர்த்திடம் இப்படித்தான் சேர்ந்தார். பின்னாளில், 1819இல், ஒஹையோ மருத்துவக் கல்லூரியை நிறுவியவரும் அவரே.

சேணப்பையில் இரத்தம் வடிக்கும் சிறு கத்தி, அபினிக் கரைசல், வாந்தி மருந்து, சின்கோனா பட்டைத் தூள் ஆகியவற்றுடன் கலோமெல் என்ற பாதரச உப்பும் தவறாமல் இருக்கும். கலோமெல் உண்டவருக்கு எச்சில் வழிந்து ஈறு வீங்கினால், மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் மகிழ்ந்தார். உண்மையில் அது பாதரச நஞ்சின் அறிகுறி. என் கணிப்பில், அந்தப் பையில் நோயையே தீர்க்கக்கூடியதாக இருந்தது சின்கோனா பட்டை ஒன்றுதான், அதுவும் மலேரியாவுக்கு மட்டும்.

பதில் 2:
மருந்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைத்திறனை விட்டுவிட்டீர்களே. 1809 டிசம்பரில் கென்டக்கியின் டான்வில் ஊரில், எஃப்ரெயிம் மெக்டவல் தம் வீட்டிலேயே ஜேன் டாட் கிராஃபர்டின் வயிற்றைத் திறந்து, சுமார் 10 கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை அகற்றினார். அந்தப் பெண்மணி அக்கட்டியைச் சேணத்தின் முன்மேட்டில் தாங்கியபடி ஏறக்குறைய 60 மைல் குதிரையில் வந்திருந்தார். குடல் மேசைமீது சரிந்து கிடக்க, 25 நிமிடங்களில் வேலை முடிந்தது. அவ்வளவு நேரமும் அந்தப் பெண்மணி பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் மருத்துவர் வந்து பார்த்தபோது, எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். 1842 வரை உயிருடன் இருந்தார்.

கேள்வி கேட்டவர்:
மெக்டவலும் பயிற்சி மட்டும் பெற்றவர்தானா? கட்டணம் எப்படி வசூலானது?

பதில் 2:
இல்லை, அவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குச் சென்று பயின்றவர். பட்டம் பெறாமலேயே திரும்பினார் என்பது வேறு விஷயம். ஆகவே அவரை அக்காலக் கிராம மருத்துவர்களுக்கு மாதிரியாகக் காட்டிவிடாதீர்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, கையில் காசு அரிதாக இருந்த இடம் என்பதால், சோளம், உப்பிட்ட பன்றியிறைச்சி, விஸ்கி என்று எது கிடைத்ததோ அதையே பலர் வாங்கிக்கொண்டார்கள்.