மொழி தெரியாத ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடுவது எப்படி?

வழிப்போக்கன் (கேள்வி):

வேலை விஷயமாக முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறேன். அந்த ஊர் மொழி தெரியாது, தெரிந்தவர்களும் இல்லை. தங்கும் இடம் சுற்றுலாப் பயணிகள் கூடுகிற பகுதியில் இருக்கிறது. கூகுள் மேப்ஸைத் திறந்தால் சுற்றிலும் உள்ள கடைகள் எல்லாவற்றுக்கும் 4.5, 4.7 என்றுதான் காட்டுகிறது. அத்தனையும் நல்ல கடையாக இருக்க வாய்ப்பே இல்லை. ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையை இதிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? பெரிய ஓட்டல் வேண்டாம். ருசியாக, வயிறு கெடாமல், நியாயமான விலையில் கிடைத்தால் போதும். கூட வருபவர் சுத்த சைவம்.

கணக்குப்பிள்ளை:

முதலில் அந்த ஊரின் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் சுமாரான கடைக்கே 4.6 கிடைக்கும், சில ஊர்களில் 4.0 வாங்குவதே பெரிய காரியம். செயலிக்குச் செயலியும் இது மாறும். சும்மா ஒரு பத்துப் பதினைந்து கடைகளைத் தட்டிப் பார்த்தால் நடுவாந்திரம் எது என்று பிடிபட்டுவிடும். அதற்கு மேலே இருப்பதைத்தான் 'நல்ல ரேட்டிங்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. 40 பேர் போட்ட 4.8-ஐவிட 2500 பேர் போட்ட 4.4 நம்பகமானது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். ஊர் நடுவாந்திரம் 4.1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் 4.1 மதிப்புள்ள 100 ரிவ்யூக்களைக் கற்பனையாகச் சேர்த்துவிட்டு மறுபடி சராசரி எடுங்கள். முதல் கடை 4.3-க்கு இறங்கிவிடும், இரண்டாவது 4.39-இல் நிற்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் போட்ட முதல் சில டஜன் ஐந்து நட்சத்திரங்களை இந்தக் கணக்கு தானாகவே கழித்துவிடும். கடைக்குக் கடை கால்குலேட்டர் தட்ட வேண்டாம். ரிவ்யூ 100-க்குக் கீழே இருந்தால் எண்ணை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள், அவ்வளவுதான்.

எழுத்தைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. ரிவ்யூக்களைப் 'புதியது முதலில்' என்று மாற்றி, கடைசி இருபதைப் படியுங்கள். மொத்தச் சராசரி 4.6, கடைசி இருபதில் பாதி இரண்டு நட்சத்திரம் என்றால் சமையல்காரரோ முதலாளியோ மாறியிருக்கலாம். பழைய புகழ் எண்ணில் தங்கிவிடும், தட்டில் தங்காது. அப்புறம் மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். ஐந்து போட்டவர் 'அருமை' என்று முடித்துவிடுவார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார். எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது என்று பெயர் சொல்லி எழுதுபவர் மூன்று, நான்கு போட்டவர்தான்.

ஒரு நட்சத்திரத்தை அப்படியே ஒதுக்கவும் கூடாது. 'ரொம்ப நேரம் காத்திருந்தோம்', 'சிரிக்கவே இல்லை', 'எங்கள் மொழியில் மெனு இல்லை' என்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றிய குறை இல்லை. கடைசியாகச் சொன்னது ஒருவிதத்தில் நற்சான்றிதழ். 'வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை', 'மெனுவில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை' என்பது வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

தெருக்கோடி:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். ரிவ்யூ எழுதினவரோட பெயரைத் தட்டுங்க. அவர் வேற எந்தெந்த இடத்துக்கு எழுதியிருக்கார்னு தெரியும் (மறைச்சு வைக்காம இருந்தா). பல் டாக்டர், டயர் கடை, ஸ்கூல், சலூன்னு எல்லாமே அதே ஊரில் இருந்தா ஆள் உள்ளூர். நாலு நாட்டு விமான நிலையமும் நட்சத்திர விடுதியுமா இருந்தா பயணி. உள்ளூர்க்காரர் பத்துப் பேர் எழுதின கடை கிடைச்சா, அதே ஆட்கள் வேற எந்தக் கடையைப் புகழ்ந்திருக்காங்கன்னு பாருங்க. ஒரு கடையிலிருந்து அஞ்சு கடைக்கு வழி கிடைக்கும். என்னைக் கேட்டா இந்த ஒரு வேலைதான் மிச்ச எல்லாத்தையும்விட உருப்படியானது.

போலி ரிவ்யூவும் இதே வழியில மாட்டும். ஒரே வாரத்துல குவியலா வந்திருக்கும், எழுதினவங்க கணக்குல அந்த ஒரே ரிவ்யூதான் இருக்கும். பரிமாறினவர் பெயரை எல்லாரும் தவறாம எழுதியிருந்தா, மேசையிலேயே போனை நீட்டி எழுத வாங்கியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

தேடுற சொல்லையும் மாத்துங்க. நம்ம மொழியிலயோ ஆங்கிலத்துலயோ 'உணவகம்'னு தேடினா, வெளியூர் ஆட்களுக்காகப் பெயரும் விவரமும் எழுதி வைச்ச கடைங்கதான் முன்னால வரும். மொழிபெயர்ப்புச் செயலியில 'மதியச் சாப்பாடு', 'வீட்டுச் சமையல்', 'காலைப் பலகாரம்' மாதிரி சொற்களை அந்த ஊர் எழுத்துல மாத்தி, நகலெடுத்து மேப்ஸ்ல ஒட்டித் தேடுங்க. வர்ற பட்டியலே வேற மாதிரி இருக்கும். விடுதி இருக்கிற இடத்துல நின்னு தேடாதீங்க. மேப்பை ஊழியர்கள் அதிகமா இருக்கிற பகுதிக்கு நகர்த்தி, 'இந்தப் பகுதியில் தேடு'ன்னு போடுங்க. நல்லாப் பெரிசாக்கிப் பாருங்க, எட்ட நின்னு பார்த்தா சின்னக் கடையெல்லாம் தெரியாது. மேல 'ஸ்பான்சர்டு'ன்னு வர்றது விளம்பரம், அதைத் தாண்டிக் கீழே போங்க.

போட்டோவுல உணவை மட்டும் பார்க்காதீங்க. வாடிக்கையாளர் எடுத்த படங்கள்ல மேசை, மெனு, உட்கார்ந்திருக்கிற ஆட்கள் தெரியும். மெனு படத்தோட தேதியைக் கவனிங்க. பழைய படத்துல இருக்கிற விலையை நம்பிப் போய் நிக்கக் கூடாது.

அடுப்பங்கரை:

இத்தனையும் போனிலேயே செய்தால் பசியிலேயே பாதி நாள் போய்விடும். மேப்பை வைத்து நான்கு கடை குறித்துக்கொள்ளுங்கள், மீதியைக் கால்நடையாகப் பாருங்கள்.

பார்வையிடும் இடத்தின் வாசலில் இருக்கிற கடைக்கு, நீங்கள் திரும்பி வரப் போவதில்லை என்பது தெரியும். வாடகையும் அங்கே அதிகம். ருசியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு. ஐந்தாறு தெரு உள்ளே போனால் அதே ஆட்கள் நாளைக்கும் வர வேண்டும் என்ற நிலை கடைக்காரருக்கு வந்துவிடும். நீதிமன்றம், அரசு அலுவலகம், கல்லூரி, பெரிய மருத்துவமனை, மொத்தச் சந்தை, பேருந்துப் பணிமனை ஆகியவற்றின் பின்தெருக்கள்தான் தேட வேண்டிய இடம். மொத்தச் சந்தைப் பக்கம் விடியற்காலையில் போக வேண்டும், பதினோரு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அலுவலகப் பகுதிக் கடைகள் வேலை நாள் மதியம் மட்டும் நன்றாக இருக்கும், இரவிலும் விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கும்.

கூட்டம் இருந்தால் நல்ல கடை என்பது பாதி உண்மை. கூட்டத்தில் யார் இருக்கிறார்கள், வரிசை நகர்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை மாட்டிக்கொண்டு தனியாக வந்து, மெனுவைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, இருபது நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள் இருந்தால் தயங்காமல் உட்காரலாம். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் அது யாரோ வீடியோ போட்டதால் வந்த கூட்டம். வாசலில் டெலிவரி ஆட்கள் நிறைய நின்றால் பார்சல் நன்றாக ஓடுகிறது என்றுதான் பொருள். உள்ளே உட்கார்ந்தவருக்கு அதனாலேயே தாமதமாகும்.

மெனுவின் நீளத்தைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அயிட்டம் என்றால் அன்றன்று வாங்கி அன்றன்று தீர்க்க முடியும். சின்னச் சமையலறையில் 120 அயிட்டம் என்றால் பாதி உறைபெட்டியிலிருந்து வரும், மீதி ஒரே குழம்புக்கு வேறு வேறு பெயர். கையால் எழுதி, இரண்டு பெயரை அடித்துவிட்டு 'தீர்ந்தது' என்று போட்டிருந்தால் உள்ளே போகலாம். வாசலில் ஆள் நிறுத்திக் கையைப் பிடித்து இழுத்தால் நடையைக் கட்டுங்கள்.

எடைக் கணக்கில் விற்கும் மீன், இறைச்சி போன்றவற்றுக்கு மெனுவில் போட்டிருப்பது பல இடங்களில் 100 கிராமுக்கான விலை. எடை போட்டு, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் சமைக்கச் சொல்லுங்கள். பில் தகராறில் பாதி இங்கேதான் ஆரம்பம். மீதிப் பாதி, கேட்காமலே மேசையில் கொண்டுவந்து வைக்கும் தொட்டுக்கையும் தண்ணீர் பாட்டிலும்.

கணக்குப்பிள்ளை:

@அடுப்பங்கரை 'பல மொழி மெனு இருந்தால் போகாதே' என்ற பழைய பல்லவியை நீங்கள் சொல்லாதது நல்லது. பல நாட்டு ஆட்கள் குடியேறி வேலை செய்யும் ஊரில் நல்ல கடையிலும் நான்கு மொழி இருக்கும்.

அச்சில் வரும் வழிகாட்டிகளையும் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. மிஷ்லின் என்றாலே கைக்கு எட்டாத விலை என்று நினைக்கிறோம். டயர் நிறுவனம் 1900-இல் வண்டியோட்டிகளுக்காகத் தொடங்கிய கையேடு அது, நட்சத்திரம் வந்தது 1926-இல். நட்சத்திரத்தைத் தவிர, மிதமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கு 'பிப் கூர்மாண்ட்' என்று தனிப் பட்டியல் 1997 முதல் போடுகிறார்கள். நீங்கள் போகும் ஊர் அவர்கள் வரம்பில் இருந்தால் அந்தப் பட்டியலை மட்டும் பாருங்கள். எல்லா ஊருக்கும் அது கிடையாது.

நலம்விரும்பி:

வயிறு கெடாமல் இருப்பதற்குக் கடையின் தோற்றம் ஒரு அளவுகோலே இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் பழமை, எல்லா மேசையையும் துடைக்கும் ஒரே ஈரத்துணி அழுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்கள் எந்த ஊருக்கும் பொருந்தும். உணவு உள்ளே வரை 70 டிகிரி செல்சியஸாவது சூடேற வேண்டும். பரிமாறும் வரை 60-க்கு மேல் சூடாகவோ, 5-க்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இந்த 5-க்கும் 60-க்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். தெர்மாமீட்டரோடு போக முடியாது, ஆனால் ஆவி பறக்கிறதா என்று பார்க்க முடியும். தட்டில் வந்தது வெதுவெதுப்பாக இருந்தால் திருப்பிச் சூடாக்கித் தரச் சொல்லலாம். அதைவிட, கண்ணெதிரே சமைத்ததை வாங்குவது மேல். நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே என்றால் திறந்தவுடன் போங்கள், மூடும் நேரத்தில் வேண்டாம். மீண்டும் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு. சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதித்தாலும் அழியாது. பல மணி நேரம் வெளியே கிடந்த சோறு இதற்குப் பேர்போனது.

எண்ணெயைப் பாருங்கள். கருத்து, நுரை அடங்காமல், புகைந்துகொண்டிருந்தால் பலமுறை காய்ந்த எண்ணெய். பச்சை இறைச்சியைத் தொட்ட கையும் கத்தியும் கழுவாமல் அடுத்த பாத்திரத்துக்குப் போகிறதா என்று கவனியுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகாத ஊரில் மூடி உடைக்காத பாட்டில் வாங்குகிறவர்களே ஐஸ் கட்டியை மறந்துவிடுகிறார்கள். அதுவும் அதே தண்ணீர்தான். பச்சைக் காய்கறித் துண்டுகளும் அதே தண்ணீரில் கழுவியவை.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி. கூட வருபவரின் சைவ விஷயத்தை எப்படிச் சமாளிப்பது? 'இறைச்சி இல்லைதானே?' என்று மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால் போதுமா?

தெருக்கோடி:

போதாது. 'இல்லைதானே?'ன்னு கேட்டா மரியாதைக்காகவே தலையாட்டிடுவாங்க. 'இதில் என்னென்ன போட்டிருக்கீங்க?'ன்னு கேளுங்க. நிறைய ஊர்கள்ல இறைச்சின்னா துண்டு மட்டும்தான், எலும்பு வேகவைச்ச சாறு, மீன் சாறு, விலங்குக் கொழுப்பெல்லாம் அந்தக் கணக்குலயே வராது. அதனால ஒரு சீட்டு தயார் பண்ணுங்க: 'இறைச்சி, கோழி, மீன், இறால் சாப்பிட மாட்டேன். அவற்றின் சாறு, கொழுப்பு, பொடி எதுவும் சேர்க்க வேண்டாம். முட்டை சாப்பிடலாம்' அல்லது 'கூடாது', 'பால் சாப்பிடலாம்'. சின்னச் சின்ன வாக்கியமா எழுதினாத்தான் செயலி தப்பு செய்யாது. மொழிபெயர்த்ததை மறுபடி தமிழுக்கு மாத்திப் பார்த்து, பொருள் புரளாம இருக்கான்னு சரிபாருங்க. அந்தச் சீட்டைப் படமா போன்ல வைச்சுக்கோங்க, நெட் இல்லாட்டியும் காட்டலாம். அந்த ஊர் மேப்பையும் ஆஃப்லைன்ல இறக்கி வைங்க. சைவக் கடைகளையும், சைவமும் கிடைக்கிற மற்ற கடைகளையும் தேட 'ஹேப்பிகவ்'னு தனிச் செயலி இருக்கு. மூடிப்போன கடையும் அதுல இருக்கலாம், அதனால மேப்ஸ்ல புது ரிவ்யூ இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க.

ஒவ்வாமை இருக்கிறவங்க 'பிடிக்காது'ன்னு எழுதாதீங்க. 'சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்'னு எழுதுங்க. அதே எண்ணெய், அதே கரண்டியும் கூடாதுன்னு சேர்த்துக்கோங்க.

அடுப்பங்கரை:

ஆட்களிடம் கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'நல்ல ஓட்டல் எது?' என்று கேட்டால் விருந்தாளிக்கு ஏற்றது என்று அவர் நினைப்பதைச் சொல்வார். 'நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால்தான் உண்மையான பெயர் வரும். விடுதி வரவேற்பிலும் டாக்சியிலும் சொல்வதில் கமிஷன் இருக்கலாம். மருந்துக்கடை, செருப்புக்கடை, மொபைல் ரீசார்ஜ் கடை என்று நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள். ஒரு கடையில் சாப்பாடு பிடித்துப்போனால், கூட்டம் குறைந்த நேரத்தில் அங்கே சமைப்பவரிடமே 'உங்கள் லீவு நாளில் எங்கே போய்ச் சாப்பிடுவீர்கள்?' என்று கேட்டுப் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் நாள் அந்த ஊரின் வார விடுமுறையா, பண்டிகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று வருவதை நம்பாமல், விடுதிக்காரரை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள். 'எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?' என்று கேட்டால் பத்து என்பார்கள், அடுப்பு ஒன்பதரைக்கே அணைந்திருக்கும். கடைசி ஆர்டர் எப்போது என்று கேட்கச் சொல்லுங்கள்.