தைலப் பெட்டி மாதிரி மடங்கிய கிரிட்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

குன்னூர்வாசி:
கணினியில் பொருட்களை இடித்துப் பார்ப்பதுதான் என் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. இரண்டு வருடம் முன்பு அணு உலை எரிபொருள் கட்டின் ஸ்பேசர் கிரிட் வந்தது. நாலு மீட்டர் உயரத்துக்கு 17க்கு 17 என்று நிற்கும் குழாய்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடையிடையே பிடித்துக்கொள்கிற கட்டம் போட்ட சட்டம் அது. ஜிர்கோனியக் கலவைத் தகடு, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நிலநடுக்கத்தில் கட்டுகள் ஒன்றையொன்று இடித்தால் அடி வாங்குவது இதுதான், இது மடங்கினால் உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கம்பி இறங்கும் வழி கோணலாகிவிடும்.

எத்தனை விசையில் மடங்கும் என்று நான் சொன்ன எண்ணுக்கு வெகு கீழேயே சோதனையில் மடங்கிவிட்டது. மூன்று வாரம் மெஷ்ஷை, அதாவது கணினி கணக்கிடப் பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலையை, திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஊட்டியில் மாமாவின் தைலக் கடைக்குப் போனபோது, பாட்டில் பெட்டிக்குள் இருக்கும் குறுக்கு அட்டையைச் சும்மா பக்கவாட்டில் அழுத்தினேன். எந்த அட்டையும் வளையவில்லை, எல்லாச் சதுரமும் சேர்ந்து சாய்சதுரமாகப் படுத்துவிட்டது. கிரிட்டும் இதே மாதிரி வெட்டுப்பள்ளத்தில் கோத்ததுதான், சந்திப்புகளில் மேலேயும் கீழேயும் மட்டும்தான் வெல்டிங். நானோ சந்திப்புக் கோடு முழுவதையும் ஒட்டிவைத்திருந்தேன்! மாற்றியதும் எண் இறங்கியது, ஆனாலும் சோதனையில் வந்த எண் அளவுக்கு இறங்கவில்லை.

தைலக்காரன்:
அண்ணா, நாங்கள் யூகலிப்டஸ் காய்ச்சுகிறவர்கள். மேட்டுப்பாளையத்துக்கு இறக்கும்போது வளைவுகளில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும், ஆனால் நிறைந்த பெட்டி மடங்கி நான் பார்த்ததில்லை. ஒரு வரிசை காலியாகவோ, சின்ன பாட்டில் போட்டு லொடலொடவென்றோ இருந்தால் அந்த வரிசையில்தான் நசுங்கும். உங்கள் குழாய் உள்ளே இறுக்கமாக இருக்கிறதா?

குன்னூர்வாசி:
சரியாகப் பிடித்தீர்கள். கிரிட்டுக்குள் சின்னச் சின்ன ஸ்பிரிங் உண்டு, அதன் பிடிப்பைத்தான் அளவுக்கு மீறி இறுக்கமாக வைத்திருந்தேன்.

கோத்தகிரி ஓய்வு:
தம்பி, நான் சோதனைப் பக்கம் இருந்தவன். சுத்தியலின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அடிப்போம், விசையும் கூடிக்கொண்டே போகும், ஓர் அடியில் கூடாமல் பொத்தென்று விழும், அதற்கு முந்தைய உச்சம்தான் கணக்கு. ஒரே தொகுதியில் வந்த கிரிட்கள்கூட ஒரே எண்ணைத் தராது, கண்ணுக்குத் தெரியாத நெளிவு போதும். அதனால்தான் பலவற்றை அடித்து, உண்மைச் சராசரிக்கு 95 சதவீத நம்பிக்கையோடு ஓர் எண் எடுப்பது அமெரிக்க ஒழுங்குமுறையின் வழிமுறை. அதுவும் உலை வெப்பநிலைக்கு உரிய எண்ணாக இருக்க வேண்டும், சூட்டில் இந்த உலோகம் இளகும்.

தைலக்காரர் சொன்ன லொடலொடதான் பெரிய விஷயம். கதிர்வீச்சு பட்டால் தகடு கெட்டியாகும், எனவே புது கிரிட்டைச் சோதித்தாலே பாதுகாப்பான எண் கிடைத்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஸ்பிரிங் தளர்வதால் பயன்படுத்திய கிரிட்டின் பலம் குறையலாம் என்று 2012இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தகவல் குறிப்பே அனுப்பியது.

மலைத்தேனீ:
கூடங்குளத்திலும் இதே சதுரம்தானா?

கோத்தகிரி ஓய்வு:
இல்லை, அங்கே அறுகோணக் கட்டு, ஓர் உலைக்கு 163. வேறு அமைப்பு, இந்த எண்ணை அங்கே கொண்டுபோக முடியாது.

குன்னூர்வாசி:
ஐயா, ஸ்பிரிங்கைத் தளர்த்தி நேற்று ராத்திரி ஓட்டினேன். நடு வரிசை ஒன்று மட்டும் சாய்ந்தது, சோதனைப் படத்தில் இருந்த அதே சாய்வு. மாமாவிடமும் சொல்லிவிட்டேன், அரைப் பெட்டி அனுப்பும்போது காலி அறைகளில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணிக்கிறார்.