‘பாட்டுப் பெட்டி’ குழு: ஞாயிற்றுக்கிழமைக்கு மூணு டேக்

வெள்ளி, இரவு 8:12
நான்: பெரியப்பா எதை வாங்கலாம்னு கேட்டுப் பாக்க, ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்கு மூணு டேக்கும் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலா மாத்தற டிஏசி பெட்டி) வந்துடும். ஆர்எம்இ ஏடிஐ-2, கார்ட் க்யூடெஸ்ட், ஹோலோ மே. ஒவ்வொண்ணா மாட்டி ஒவ்வொரு மணி நேரம் கேட்டா போதுமா?

8:15
சித்தப்பா: போதாதுடா. முதல்ல வோல்ட்டேஜ் சமமாகணும், அப்புறம்தான் காது. மே ஆர்சிஏ-ல (சாதாரண ஆடியோ பிளக்) 2.9 வோல்ட் தரும். க்யூடெஸ்ட்ட 2 வோல்ட்ல வச்சா ரெண்டுக்கும் நடுவுல 3.2 டிபி (டெசிபல்). அவ்வளவு சத்த வித்தியாசம் இருந்தா எல்லாரும் மேயைத்தான் "அகலமா இருக்கு, உசிரோட்டமா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. அது டேக் குணமில்ல, வெறும் சத்தம்.

8:17
மாமா: மே ஆர்2ஆர் மச்சான், ரெசிஸ்டர் ஏணி வச்சு சிக்னல் உண்டாக்கற வகை. சத்தம் சமமானாலும் மிருதங்கத்தோட வலந்தலை சாப்பு அதுல தனியா கேக்கும்.

8:18
சித்தப்பா: கேக்கலாம் மச்சான். சமமாக்கினப்புறமும் கேட்டா நானே ஒத்துக்கறேன். இப்ப யாரும் முடிவு பண்ண வேண்டாம்.

8:21
கோவை அக்கா: சித்தப்பா, எப்படி சமமாக்கப் போறீங்க? பிளேயர்ல வால்யூம் குறைச்சா?

8:24
சித்தப்பா: அப்படித்தான் நினைச்சேன். க்யூடெஸ்ட் 2 வோல்ட், மேக்கு பிளேயர்ல −3.2 டிபி, ஆர்எம்இ-க்கும் அதுக்கேத்த மாதிரி. 24 பிட்ல குறைச்சா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

8:29
கோவை அக்கா: கணக்கு சரி சித்தப்பா, ஆனா ஒவ்வொரு தடவையும் யூஎஸ்பி மாத்தி, பிளேயர்ல அவுட்புட் மாத்தி, வால்யூம் மாத்தி... பத்து இருபது செகண்ட் ஆகும். ஒரு ஒலியோட நுணுக்கத்தை காது அவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்காது. மூணுக்கும் ஆப்டிகல் (வெளிச்சமா சிக்னல் போற கேபிள்) இன்புட் இருக்கு. ஸ்ட்ரீமர்ல (பாட்டை ஓட விடற பெட்டி) இருந்து ஒரு ஆப்டிகல், அதை மூணா பிரிக்கற ஆக்டிவ் ஸ்ப்ளிட்டர். பாஸிவ் வேண்டாம், வெளிச்சம் மூணா பிரிஞ்சு சிக்னல் விட்டு விட்டு வரும். அவுட்புட் பக்கம் ஆர்சிஏ செலக்டர் பெட்டி, மூணுல ஒண்ணை மட்டும் ஆம்ப்புக்கு விடும். அப்போ குமிழைத் திருப்பினா போதும்.

8:30
நான்: அப்போ பிளேயர்ல தனித்தனியா குறைக்க முடியாதே அக்கா?

8:37
கோவை அக்கா: அதனால 2 வோல்ட்டை விட்டுட்டு 2.9-க்கு மத்த ரெண்டையும் கொண்டு வரலாம். மே டேக்ல வால்யூம் கன்ட்ரோல் கிடையாது, அதை அசைக்க முடியாது.

ஆர்எம்இ: ரெஃபரன்ஸ் லெவலை (உச்ச அவுட்புட் அளவு) எக்ஸ்எல்ஆர் (மூணு பின் இணைப்பு) கணக்குல சொல்றேன். +19 டிபியூன்னு வச்சா ஆர்சிஏ-ல 6 டிபி கம்மியா +13 டிபியூ வரும். 0 டிபியூ 0.775 வோல்ட், அப்போ +13-ங்கறது 3.46 வோல்ட். வால்யூமை −1.5 டிபி-ல வச்சா 2.91. மேயோட ஒட்டிக்கிச்சு.

க்யூடெஸ்ட்: 1, 2, 3 வோல்ட் மட்டும்தான். 3-ல வச்சா மேயை விட 0.29 டிபி அதிகம். அதுக்கு சீரீஸ்ல ஒரு ரெசிஸ்டர். ஆம்ப் இன்புட் 20 கிலோ ஓம்னா 680 ஓம் போட்டா சரியா அந்த 0.29 குறையும். 680 கடையில சாதாரணமா கிடைக்கற மதிப்பு. இன்புட் 47 கிலோ ஓம்னா 1.6 கிலோ ஓம்.

பெரியப்பா, உங்க ஆம்ப் மேனுவல்ல இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவுன்னு பாத்து சொல்றீங்களா? பக்கத்துலயே அதிகபட்ச இன்புட் வோல்ட்டேஜும் போட்டிருக்கும்.

8:52
பெரியப்பா: 20 கிலோ ஓம்னு போட்டிருக்கு. அதிகபட்சம் 5 வோல்ட். ஒரு கேள்வி. ஆம்ப்புல முன்பாதியைத் தாண்டி நேரா பவர் ஆம்ப் இன்புட்டுக்கு ஒரு வழி பின்னாடி இருக்கு. அதுல மாட்டினா இன்னும் சுத்தமா இருக்காதா?

8:54
சித்தப்பா: அண்ணா, வேண்டவே வேண்டாம். மே டேக்லயும் க்யூடெஸ்ட்லயும் வால்யூம் இல்ல. நேரா மாட்டி பாட்டு போட்டா முழு சத்தத்துல வரும், ட்வீட்டர் போயிடும். ஆர்எம்இ ஒண்ணுதான் அப்படி மாட்டலாம், அதுலயும் வால்யூமை முதல்ல −40-க்குக் கீழ இறக்கிட்டுத்தான்.

8:55
பெரியப்பா: சரி, அந்தப் பக்கமே போகல.

8:57
கோவை அக்கா: 5 வோல்ட்னா 2.9 தாராளமா தாங்கும். சில ஆம்ப்ல 2 வோல்ட்லயே இன்புட் பஃபர் (சிக்னலை முதல்ல வாங்கற சர்க்யூட்) திணறும். வால்யூமை எவ்வளவு குறைச்சாலும் அந்தக் கரகரப்பு போகாது, ஏன்னா பஃபர் வால்யூமுக்கு முன்னாடி இருக்கு. மேயோட எக்ஸ்எல்ஆர்-ல 5.8 வோல்ட் வரும், அதைத் தொடாதீங்க. எக்ஸ்எல்ஆர்-ஆர்சிஏ அடாப்டரும் வேண்டாம். பல அடாப்டர்ல 3-ம் பின்னை 1-ம் பின்னோட, அதாவது கிரவுண்டோட சேர்த்து வச்சிருப்பாங்க. டேக்கோட பாதி அவுட்புட் ஷார்ட்ல ஓடும்.

9:03
நான்: கணக்குல சமம்னா நிஜத்துலயும் சமமா இருக்குமா? மீட்டர் வச்சுப் பாக்கணுமா?

9:11
சித்தப்பா: கண்டிப்பா. கணக்கு பக்கத்துல கொண்டு போகும், மீட்டர்தான் முடிக்கும். 200 ஹெர்ட்ஸ் சைன், −20 டிபி-ல ஒரு ஃபைல் பண்ணி வை. 1 கிலோ ஹெர்ட்ஸ் வேண்டாம், கையில வச்சிருக்கற மல்டிமீட்டர்ல பலதும் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பகமா காட்டும்.

மீட்டரை ஏசி 2 வோல்ட் ரேஞ்சுல வை. ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற டெர்மினல்ல, பனானா பிளக் ஓட்டைக்குள்ள புரோப் முனையை விடு. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. மேயை செலக்ட் பண்ணி ஆம்ப் வால்யூமை 1.000 வோல்ட் வர்ற வரைக்கும் ஏத்து. அதோட அந்தக் குமிழை யாரும் தொடக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர்ல 1 வோல்ட்னா எட்டுல ஒரு பங்கு வாட்தான், பயமில்ல. பாட்டுல உச்சம் வரும்போது 10 வோல்ட், 12.5 வாட் வரைக்கும் போகும். அந்த ஹாலுக்கு நல்லாவே போதும்.

அப்புறம் மத்த ரெண்டையும் திருப்பிப் பாரு. 0.990-ல இருந்து 1.010-க்குள்ள இருந்தா 0.1 டிபி-க்குள்ள இருக்கு. இடது வலது ரெண்டையும் பாக்கணும்.

9:14
மாமா: மேயை நாஸ்-ல (ஓவர்சாம்ப்ளிங் இல்லாத மோடு) வச்சுத்தான் கேக்கணும். ஓவர்சாம்ப்ளிங் (நடுவுல சாம்பிள் கணக்குப் போட்டுச் சேர்க்கறது) போட்டா அதை வாங்கறதுக்கே அர்த்தமில்ல.

9:22
கோவை அக்கா: ரெண்டுலயும் கேப்போம் மாமா. ஆனா நாஸ்-ல ஒரு விஷயம் இருக்கு. 44.1 கிலோ ஹெர்ட்ஸ்ல (சிடி-யோட சாம்பிள் வேகம்) ஒவ்வொரு சாம்பிளும் அடுத்தது வர்ற வரைக்கும் படிக்கட்டு மாதிரி அப்படியே நிக்கும். அதனால மேல போகப் போக அளவு குறையும். 10 கிலோ ஹெர்ட்ஸ்ல 0.75 டிபி, 20-ல 3.2 டிபி. 200 ஹெர்ட்ஸ்ல மீட்டர் சமம்னு காட்டும், ஆனா ஜால்ராவும் கைதட்டலும் கொஞ்சம் அடங்கின மாதிரி வரும். "இதமா இருக்கு"ன்னு நாஸ் பத்தி சொல்றதுல பெரும்பங்கு இதுதான். கெட்டதுன்னு சொல்லல. பழைய சினிமா ரெக்கார்டிங்ல மேல கீச்சுன்னு இருக்கறதுக்கு அது நல்லாவே இருக்கும். ஆனா எதனாலன்னு தெரிஞ்சு விரும்பணும்.

சோதிக்க வழி இருக்கு. ஸ்ட்ரீமர்ல 176.4-க்கு ஏத்தி அனுப்பினா 20 கிலோ ஹெர்ட்ஸ்ல குறையறது 0.2 டிபி-யா சுருங்கிடும். அப்பவும் அதே இதம் இருந்தா வேற ஏதோ இருக்கு. இல்லாம போச்சுன்னா அந்தச் சரிவுதான் காரணம். ஸ்ப்ளிட்டர் 192 வரைக்கும் எடுக்குமான்னு மட்டும் பாத்துக்கணும். மலிவானது 96-லயே நின்னுடும்.

9:26
மாமா: இது நியாயமான சோதனை. பண்ணிப் பாத்துடுவோம். ஆர்2ஆர்-ல வேற எதுவும் தனியா இல்லங்கறியா கண்ணு?

9:34
கோவை அக்கா: இருக்கு மாமா. 16 பிட் ஏணியில மேல் பிட்டோட ரெசிஸ்டர் 65,536-ல ஒரு பங்கு துல்லியமா இருக்கணும், 0.0015 சதவீதம். 0.01 சதவீத ரெசிஸ்டர் பதிமூணு பிட் சொச்சத்துலயே நின்னுடும். அந்தப் பிழை தலைகாட்டறது சிக்னல் சைபரைத் தாண்டற இடத்துல, ஏன்னா அங்கதான் மேல் பிட் புரளுது. சின்ன சத்தம் முழுக்க அந்த இடத்தைச் சுத்தியே இருக்கும். தம்புரா மீட்டி விட்டு அடங்கற கடைசி ரெண்டு செகண்ட் அதுதான். அதனால நல்ல ஆர்2ஆர் எல்லாம் ஏணியைத் திருத்தம் பண்ணித்தான் விக்கறாங்க, மேயும் அப்படித்தான். ரெசிஸ்டர் சூட்டுக்கு நகரும், அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே ஆன் பண்ணி வைங்க. மூணையும்.

தம்புரா அடங்கற இடத்தை மட்டும் தனியா வெட்டி லூப்ல போடுங்க. மூணுக்கும் நடுவுல நிஜ வித்தியாசம் இருந்தா அங்க தேடணும்.

9:38
சித்தப்பா: கடத்தோட கழுத்துப் பக்கத் தட்டும் ஒண்ணு எடுத்துக்க. அதோட முன்முனையில ஃபில்டர் வித்தியாசம் தெரிஞ்சா தெரியணும்.

9:41
நான்: க்யூடெஸ்ட்ல ஃபில்டர் கலர் மாறுதே, எதுல வைக்கணும்?

9:46
சித்தப்பா: வெள்ளை. அது நேர்க்கோடு. பச்சையிலயும் சிவப்புலயும் மேல் அதிர்வெண்ணைக் குறைப்பாங்க, ஆரஞ்சு கொஞ்சம் வார்ம். ஒரு குழப்பம் வரும்: ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினா அவுட்புட் வோல்ட்டேஜ் மாத்தற இடத்துக்குப் போகும், அங்க சிவப்பு 1, பச்சை 2, நீலம் 3. அதே கலரு, வேற அர்த்தம். நமக்கு நீலம். மீட்டர்ல 0.33 வந்தா 1 வோல்ட்ல நிக்குதுன்னு புரிஞ்சுக்க.

ஆர்எம்இ-ல ஃபில்டர் ஷார்ப். ஸ்லோ வச்சா 44.1-ல மேல சரியும். ஈக்யூ (ஈக்வலைசர்) ஆஃப், லவுட்னஸ் ஆஃப், பாஸ் ட்ரெபிள் சைபர். ஆட்டோ ரெஃபரன்ஸ் லெவலையும் ஆஃப் பண்ணிடு. இல்லன்னா வால்யூமைத் தொட்டதும் ரிலே டிக்குன்னு மாறும், போட்ட கணக்கு மாறிடும்.

9:49
கோவை அக்கா: ஸ்ட்ரீமர் வால்யூம் −4 டிபி, 24 பிட் அவுட்புட். இப்ப வர்ற பாட்டெல்லாம் உச்சம் முட்ட ஏத்தி வச்சது. ஓவர்சாம்ப்ளிங்ல ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல அலை சைபர் டிபி-யைத் தாண்டும், இடம் இல்லன்னா வெட்டுப்படும். மூணுக்கும் ஒரே அளவு குறையறதால சமம் கெடாது. டிஎஸ்டி (ஒரு பிட் ஆடியோ) ஃபைல் எதுவும் போடாதீங்க. டாப் (டிஎஸ்டி-யை சாதாரண பிசிஎம் ஆடியோ மாதிரி கட்டி அனுப்பற முறை) வழியா போற டிஎஸ்டி-ல வால்யூமைக் குறைச்சா அடையாள பிட் கலைஞ்சு, டேக் அதை பிசிஎம்-னு நினைச்சு பாட்டுக்குப் பதிலா உஸ்ஸுன்னு இரைச்சலா விடும்.

9:55
பெரியப்பா: போன வாரம் லேப்டாப்பை மாட்டினப்போ உறுமல் வந்துச்சே, அது மறுபடி வருமா?

9:59
கோவை அக்கா: ஆப்டிகல்னா வராது பெரியப்பா, செம்பு இணைப்பே இல்ல. லேப்டாப் அடாப்டர்ல இருக்கற கெபாசிட்டர் வழியா கசியற மின்சாரம் யூஎஸ்பி கிரவுண்டுல ஏறி ஆர்சிஏ வழியா ஆம்ப்புக்குள்ள போகுது, அதுதான் உறுமல். மூணு டேக்கும் ஆம்ப்பும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல இருக்கட்டும். அந்த சாக்கெட்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாருங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடுங்க.

10:04
மாமா: யாரு குமிழைத் திருப்பறது?

10:08
சித்தப்பா: கேக்காத ஆள். ஒரு துணியைப் போட்டு மூடிடுவோம். நாணயம் சுண்டித்தான் எதுன்னு முடிவு பண்ணணும், மனசுல தோணின வரிசை கூடாது. ரெண்டு ரெண்டா ஒப்பிடுவோம், ஒவ்வொருத்தருக்கும் பத்து தடவை. பத்துல எட்டு சரியா சொல்றது குருட்டாம்போக்குலயே நூத்துக்கு அஞ்சு தடவை நடக்கும். ஒன்பதோ பத்தோ வந்தா நூத்துல ஒண்ணுதான். அதனால ஒன்பதுன்னு வச்சுக்குவோம் மச்சான்.

10:10
மாமா: ஒன்பது. சம்மதம்.

10:13
கோவை அக்கா: திருப்பும்போது ரெண்டு செகண்ட் ஆம்ப்பை மியூட் பண்ணுங்க. மூணும் ஒரே தாமதத்துல வாசிக்காது, க்யூடெஸ்ட்டோட ஃபில்டர் நீளம். மியூட் இல்லாம திருப்பினா தாளம் லேசா தாவும். அதை வச்சே எது எதுன்னு கண்டுபிடிச்சுடலாம்.

10:17
சித்தப்பா: ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன் அண்ணா. பத்துக்கு ஆறு ஏழுன்னு வந்தா ஆர்எம்இ-யை வாங்குங்க. உங்க ஹால்ல கஞ்சிரா அடிக்கும்போது ஒரு இடத்துல மட்டும் முழங்குதே, அது அறையோட வேலை. அதுல இருக்கற அஞ்சு பேண்ட் பாராமெட்ரிக் ஈக்யூல ஒரு பேண்டை எடுத்து அந்த முழக்கத்தை அடக்கலாம். மத்த ரெண்டுலயும் அந்த வசதியே இல்ல. ஒன்பது வந்து, வந்த எல்லாருக்கும் மே பிடிச்சிருந்தா மே.

10:19
பெரியப்பா: சரிப்பா. காலைல எட்டு மணிக்கு மூணையும் ஆன் பண்ணி வச்சுடறேன்.

10:21
கோவை அக்கா: தம்பி, நாளைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனா 680 ஓம், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் பத்து வாங்கு. கலர் கோடு நீலம், சாம்பல், கறுப்பு, கறுப்பு, பழுப்பு. மீட்டர்ல அளந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டற ரெண்டை எடுத்து இடது வலதுக்குப் போடு. ஆர்சிஏ பிளக் நடு முனையில சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டுடு, பிளக்கோட வெளி உடம்புல பட்டா ஷார்ட். செலக்டருக்கு முன்னாடி, க்யூடெஸ்ட் கேபிள்ல மட்டும்.

10:22
நான்: சரிக்கா. ஸ்ப்ளிட்டர் 192 வரைக்கும் எடுக்குமான்னும் கேட்டு வாங்கறேன்.