உதவி: அசா-மைக்கேலில் ஒன்று கேட்டால் இரண்டு ஏறிவிடுகிறது

கேள்வி:
வணக்கம். அசா-மைக்கேல் வினையில் (அமீனின் நைட்ரஜன் அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பில் போய்ச் சேர்வது) பென்சைலமீனுடன் மெத்தில் அக்ரிலேட் சேர்த்து, ஒரே ஒரு எஸ்டர் கை உள்ள இரண்டாம்நிலை அமீனை எடுக்கப் பார்க்கிறேன். மூன்று முறை போட்டும் வரவில்லை. அக்ரிலேட் 80 டிகிரியிலேயே கொதிப்பது, ஆவியாகிவிடுமோ என்று பயந்து 2 ஈக்விவலன்ட் (அமீனைப்போல் இரு மடங்கு மோல்) எடுத்தேன். அதை மெத்தனாலில் கரைத்து, அமீனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 50 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கினேன். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறு நிறையைக் காட்டும் சோதனை) எனக்கு வேண்டிய 194 பொடியாகத் தெரிகிறது, 280தான் ஓங்கி நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்:
280 என்றால் இரண்டு அக்ரிலேட் ஏறிவிட்டது: அமீன் 107, அக்ரிலேட் 86, 86, கூட ஒரு புரோட்டான். என்எம்ஆரில் பென்சைல் சிஎச்2 எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒன்று ஏறியதில் 3.8 பிபிஎம், இரண்டு ஏறியதில் 3.6 அருகே வரும்.

முதல் கூட்டல் முடிந்த பிறகும் நைட்ரஜனில் தனி இணை எலக்ட்ரான்கள் இருக்கின்றனவே, அவை இன்னொரு அக்ரிலேட்டையும் தாக்கும்! நீங்கள் அமீனை அக்ரிலேட்டுக்குள் விடுகிறீர்கள். விழுகிற ஒவ்வொரு சொட்டையும் சுற்றி அக்ரிலேட்தான். திருப்பிப் போடுங்கள்: குடுவையில் 1.5 ஈக்விவலன்ட் அமீன், பனிக்கட்டிக் குளியல், அரை மணி நேரமாக அக்ரிலேட் சொட்ட வேண்டும். சூடு வேண்டாம், மிச்ச அமீன் எஸ்டரைத் தாக்கி அமைடு ஆகும்.

மற்றொரு பதில்:
ஒன்று சேர்க்கிறேன். மிச்ச அமீனை நீக்க அமிலத்தால் கழுவாதீர்கள், விளைபொருளும் அமீன்தான், அதுவும் நீரோடு போய்விடும். சிலிக்கா காலத்தில் (பிரித்தெடுக்கும் குழாய், column) ஓட்டும் கரைப்பானில் 1% ட்ரைஎத்திலமீன் கலந்து ஓட்டுங்கள், அமீன் வால்போல் இழுபடாது. இந்த இரட்டைக் கூட்டலையே வேண்டிச் செய்பவர்களும் உண்டு: எத்திலீன்டையமீனில் நான்கு அக்ரிலேட்டை ஏற்றுவதுதான் பாமாம் டென்ட்ரிமரின் (மரம்போல் கிளைவிடும் பெரிய மூலக்கூறு) முதல் படி.

கேட்டவர்:
இன்று போட்டேன். 194 பெரிது, 280 தடயம் மட்டும். மனமார்ந்த நன்றி! அப்புறம், அனிலினுக்கும் இதே முறை சரிவருமா?

பதில்:
சரிவராது. பென்சைலமீனின் இணை அமில பிகேஏ (எண் கூடினால் அமீனின் காரத்தன்மையும் கூடும்) 9.3, அனிலினுக்கு 4.6தான். அனிலினின் எலக்ட்ரான் இணை வளையத்துக்குள் பரவிக் கிடக்கிறது. அங்கே அக்ரிலேட்டைத் தூண்டிவிட வேண்டும். இட்டர்பியம் ட்ரைஃப்ளேட் போன்ற லூயிஸ் அமிலம் போடலாம். நானாக இருந்தால் முதலில் ஹெக்சாஃப்ளூரோஐசோபுரோப்பனாலைக் கரைப்பானாக எடுத்துப் பார்ப்பேன். அதன் ஹைட்ரஜன் பிணைப்பே அக்ரிலேட்டின் கார்பனைலைத் (C=O) தூண்டிவிடும்.