புதுப்பிப்பு: பேக்லிங்க் எண்ணிக்கை ஏன் குறைவாகத் தெரிகிறது?

போன பதிவின் கேள்வி: தோவாளைப் பூ வியாபாரத் தளம் ஒன்றுக்குப் பல வலைப்பூக்கள் லிங்க் கொடுத்தும் (இப்படி வெளியிலிருந்து வரும் லிங்க்தான் பேக்லிங்க்), தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் சிலதுதான் தெரிகின்றன, ஏன்?

முதல் காரணம், தொகுப்பு. லிங்க் கொடுக்கும் தளங்களைக் காட்டும் 'டாப் லிங்க்கிங் சைட்ஸ்' அட்டவணை சப்டொமைனை, அதாவது முகவரியில் முக்கியப் பெயருக்கு முன்னால் வரும் பகுதியை, வெட்டிவிடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எத்தனை பிளாக்ஸ்பாட் வலைப்பூக்கள் இருந்தாலும் 'பிளாக்ஸ்பாட்.காம்' என்று ஒரே வரிதான். அதைச் சொடுக்கி உள்ளே போனால்தான் பக்கங்கள் பிரிந்து தெரியும்.

அடுத்தது, தளத்தைச் சர்ச் கன்சோலில் சேர்த்த விதம். யூஆர்எல் பிரிஃபிக்ஸாக (குறிப்பிட்ட ஒரு முகவரித் தொடக்கத்தை மட்டும்) சேர்த்திருந்தால், டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரிக்கு வரும் லிங்க் தனியாகப் போய்விடலாம். டிஎன்எஸ்-இல் (டொமைன் பெயருக்கான அமைப்புகளில்) உரிமையை நிரூபிக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு, எல்லா முகவரி வடிவங்களும் அடங்கும்படி டொமைனாகச் சேர்ப்பதே நல்லது.

மூன்றாவது, வரம்பு. திரையில் அட்டவணைக்கு 1,000 வரிதான். எக்ஸ்போர்ட்டில் 'லேட்டஸ்ட் லிங்க்ஸ்' எடுத்தால் 1,00,000 வரை வரும், கூகுள் கடைசியாகப் பார்த்த தேதியோடு. அதுவும் மாதிரிதான், முழுக் கணக்கல்ல. நோஃபாலோ லிங்க்கும் (தேடுபொறி பின்தொடர வேண்டாம் என்று குறியிட்டது) அதில் சேரும். டிஸவோ செய்த லிங்க்கும் (கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொன்னது) பட்டியலை விட்டுப் போகாது, அதனால் 'வேலை செய்யவில்லை' என்று பதற வேண்டாம்.

கூகுள் தேடலில் தள முகவரிக்கு முன்னால் 'லிங்க்:' போட்டுத் தேடுவதை விட்டுவிடுங்கள், கூகுளே கைவிட்ட வழி அது. போட்டித் தளத்தின் லிங்க்கும் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் ஒப்பிடும் வசதி இருக்கிறது.